தானே ஓடும் கார் வந்தால் நாலு தள பார்க்கிங் வீணாகுமா? (50 சென்ட் நிலம், எல்லையோரச் சிறு நகரம்)

எல்லைக்கல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. சித்தூர் தாலுகாவில் ஒரு சிறு நகரம், பேர் வேண்டாம். கோபாலபுரம் வழியா பொள்ளாச்சி வண்டி, வேலந்தாவளம் வழியா கோவை வண்டி, அந்தப் பக்கம் பாலக்காட்டு வண்டி, எல்லாம் ஒரே கடைவீதியில்தான் வந்து முட்டுது. பஸ் ஸ்டாண்டை ஒட்டி 50 சென்ட் பொது நிலம் இருக்கு. முகப்பு 40 மீட்டர். அதில் கீழ்த்தளமும் மேலே மூணு மாடியுமா 200 கார் பார்க்கிங் கட்டலாம்னு பேச்சு. வார்டு சபையில் கருத்தை எழுத்தில் கொடுக்கணும்.

எதிர்ப்பவங்க சொல்ற வாதம் இது: கடன் அடைய 25, 30 வருஷம் ஆகும், அதுக்குள்ள ஆளில்லாம ஓடற கார் வந்துரும், ஆளை இறக்கி விட்டுட்டுத் தானே எங்கயோ போய் நின்னுக்கும், அப்ப இந்தக் கட்டடம் பேய் பங்களாதான். ஆதரிக்கிறவங்க "இந்தியாவுல அதெல்லாம் வராது" என்கிற ஒரே வரியில் முடிச்சுக்கறாங்க.

இது ரெண்டுல எது சரின்னு தீர்ப்பு கேட்கலைங்க. எது வந்தாலும் வீணாகாத மாதிரி இப்பவே அளவுல, வரைபடத்துல என்ன எழுதி வைக்கணும்? சாலை இருவழி, நடுத்தடுப்பு இல்லை. உச்ச நேரத்தில் மணிக்கு 120 கார் வரும்னு வச்சுக்குங்க. பைக், ஸ்கூட்டர் அதைவிடப் பல மடங்கு.

நாற்சந்தி

வராது என்பவர்களிடமும் ஆதாரம் இருக்கிறது. ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் அனுமதிக்க மாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017லும் சொன்னார், 2023லும் சொன்னார். இன்று நம் சட்டப்படி உரிமம் உள்ள ஆள் ஸ்டியரிங்கில் இருந்தாக வேண்டும். ஆனால் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வேமோ நிறுவனம் 2020லிருந்து ஓட்டுநர் இல்லாமலே பொதுமக்களை ஏற்றிச் செல்கிறது. ஆகவே ஆண்டைக் கணித்து எழுதாதீர்கள். யாராலும் காக்க முடியாத கணிப்பு அது.

எதிர்ப்பவர்களின் வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. "தானே எங்கயோ போய் நின்னுக்கும்" என்றால் எந்தச் சாலை வழியாகப் போகும்? 120 காரும் ஆளை இறக்கிவிட்டு ஊருக்கு வெளியே போய் நின்று, பிறகு அழைத்துப் போக வெறும் வண்டியாகத் திரும்பி வந்தால், வரவும் போக்கும் சமமாக இருக்கும் நேரத்தில் மணிக்கு 240 காலி ஓட்டம் கூடும். ஐ.ஆர்.சி. 106 (இந்திய சாலைக் காங்கிரஸின் நகரச் சாலைக் கொள்ளளவு வழிகாட்டி) கணக்கில், கடைகளும் குறுக்குத் தெருக்களும் உள்ள இருவழிச் சாலைக்கு இரு திசையும் சேர்த்து மணிக்கு 900 கார் அளவுதான் கொள்ளளவு. காலி வண்டி மட்டுமே அதில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடும்.

இதைவிட மோசமான வழி ஒன்றும் இருக்கிறது: எங்கும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது. மின்சாரக் கார் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் சுமார் ஒன்றரை யூனிட் போகும். யூனிட் 8 ரூபாய் என்றால் 12 ரூபாய். பார்க்கிங் கட்டணம் மணிக்கு 20 என்று வைத்தால் வண்டிக்காரருக்குச் சுற்றுவதே லாபம். ஆடம் மில்லார்ட்-பால் என்ற ஆய்வாளர் 2019ல் சான் பிரான்சிஸ்கோ நகர மையத்தை மாதிரியாக வைத்து இதைப் போட்டுப் பார்த்தார். அப்படி 2,000 கார் சுற்றினாலே வேகம் மணிக்கு 2 மைலுக்கும் கீழே இறங்கிவிடும் என்று வந்தது. மெதுவாகப் போகப் போகச் செலவு குறைகிறதே, வண்டிக்கு அவசரம் ஏது?

2015ல் லிஸ்பன் நகரை வைத்துச் செய்த ஆய்வையும் எடுத்துக்காட்டலாம். பயணிகள் பகிர்ந்து ஏறும் தானியங்கி டாக்ஸியும் மெட்ரோவும் சேர்ந்தால் பத்தில் ஒன்பது கார் தேவையில்லை, ஓடும் தூரம் 6 சதவீதம்தான் கூடும். மெட்ரோவும் இல்லை, பகிர்வதும் இல்லை என்றால் ஓட்டம் 89 சதவீதம் கூடும். நம் ஊரில் மெட்ரோ இல்லை. பஸ் ஸ்டாண்டுதான் இருக்கிறது. அதை ஒட்டிய 50 சென்டை எதற்குக் கொடுக்கிறோம் என்பது அதனால்தான் பெரிய விஷயம்.

நடைமுறைக்கு வருகிறேன். எதிர்காலத்தில் தட்டுப்பாடு ஆகப் போவது நிறுத்துமிடம் அல்ல, இறங்கும் இடம். ஒரு கார் வந்து, ஆள் இறங்கி, கிளம்ப 90 விநாடி. மணிக்கு 120 கார் என்றால் சராசரியாக எந்நேரமும் 3 கார் நிற்கும். சராசரி 3 என்பதற்காக 4 இடம் விட்டால் ஐந்தில் ஒரு கார் இடமில்லாமல் சாலையிலேயே நிற்கும், ஏனென்றால் கார்கள் சீராக வருவதில்லை, கொத்தாக வரும். 6 இடம் விட்டால் இருபதில் ஒன்று. 8 விட்டால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

ஏற்றிச் செல்வதுதான் கழுத்தைப் பிடிக்கும். ஆள் வர வேண்டும், பை வைக்க வேண்டும், பாட்டி ஏற வேண்டும்: மூன்றரை நிமிடம். அதே 120 காருக்குச் சராசரி 7 நிற்கும், அதே இருபதில் ஒன்று என்ற அளவுக்கு 11 இடம் வேண்டும். நேராகப் புகுந்து நேராக வெளியேற ஒரு இடத்துக்கு 7 மீட்டர். 77 மீட்டர் ஆகிறது. உங்கள் முகப்போ 40. ஆகவே ஏற்றுமிடத்தைச் சாலையோரத்தில் வைக்க முடியாது, கீழ்த்தளத்துக்குள் இரண்டு வரிசையாகப் போக வேண்டும். இதை வரைபடத்தில் இன்றே குறிக்கச் சொல்லுங்கள். இன்று ஆட்டோவும் டாக்ஸியும் அதே இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்.

தூண்பீம்

முதல்ல 200 என்கிற எண் எப்படி வந்திருக்கும்னு பாருங்க. 50 சென்ட் சுமார் 2,023 சதுர மீட்டர். சுற்றி இடம் விட்டால் 32 × 48 மீட்டர் கிடைக்கும், 1,536. காருக்கு 28 சதுர மீட்டர்னு வகுத்தால் 55. நாலு தளம், 220, கொஞ்சம் கழிச்சு 200. வகுத்தல் கணக்கு, வரைபடம் இல்லை. தூண், ராம்ப் (கார் ஏறி இறங்கற சாய்வுப் பாதை), படி, லிஃப்ட் போட்டு வரைந்தால் குறையும். நான் கீழே சொல்றதையும் சேர்த்தால் தளத்துக்கு 45 பக்கம்தான் வரும். அதைச் சபையில் முன்கூட்டியே சொல்லிடுங்க, பின்னாடி ஏமாத்திட்டாங்கன்னு பேச்சு வரக்கூடாது.

நாளைக்கு மாத்தணும்னா இன்னைக்கே கான்கிரீட்டில் இருக்க வேண்டியவை:

தளம் சமமா இருக்கணும். சாய்தளத்திலேயே கார் நிறுத்தற மாதிரி டிசைன் கொண்டு வருவாங்க, ராம்ப் இடம் மிச்சம்னு. அதை அப்படியே நிராகரிங்க. சாய்ஞ்ச தளத்தை வேற எதுக்குமே ஆக்க முடியாது, இடிக்கத்தான் வேணும். ராம்ப்பை ஒரு ஓரத்தில், தனித் தூண்களோட, கட்டடத்துக்கும் அதுக்கும் நடுவில் விரிவு இடைவெளி (ஒட்டாம விடற சின்னச் சந்து) விட்டுக் கட்டணும். வேண்டாம்னு ஆனால் ராம்ப்பை மட்டும் அறுத்து எடுக்கலாம், கட்டடம் அசையாது.

உயரம். பார்க்கிங்குக்குத் தளத்துக்குத் தளம் 3 மீட்டர் போதும். கடை, அலுவலகம் என்று மாத்தணும்னா 3.9 வேணும், பீமுக்குக் கீழே 3.2 பக்கம் நிற்கும். இதோட விலை ராம்ப்பில் தெரியும். 1:8 சரிவில் (8 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும்) 3 மீட்டருக்கு 24 மீட்டர் ராம்ப், 3.9க்கு 31.2. மேலயும் கீழயும் 3 மீட்டருக்கு 1:16 என்று சரிவைப் பாதியாக்கணும், இல்லாட்டி பம்பர் தரையில் இடிக்கும், நடு வயிறு உரசும். அதைச் சேர்த்தால் 34.2. உங்க 48 மீட்டர் பக்கத்தில் அடங்கும்.

தாங்கு எடை. இங்கதான் எல்லாரும் சறுக்கறாங்க. காரைவிட மனுஷனும் அலமாரியும் எடை குறைவுன்னு நினைப்பு. ஐ.எஸ். 875 (கட்டடத்துக்கான தாங்கு எடை பற்றிய இந்தியத் தர நிர்ணயம்) இரண்டாம் பகுதியில், இரண்டரை டன்னுக்கு மேற்படாத வண்டி நிறுத்தற தளத்துக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 250 கிலோ. சில்லறைக் கடைக்கு 400. ஆக பார்க்கிங்குக்குன்னு கட்டின தளத்தில் கடை வைக்க முடியாது, தலைகீழா முடியும். 500 கிலோவுக்கு டிசைன் பண்ணச் சொல்லுங்க. ஏன் 500னு அடுத்த பத்தி.

நம்ம பக்கம் மழையும் காத்தும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆனி ஆடியில் மழையைக் குறுக்கால அடிச்சு மூணாவது தூண் வரைக்கும் நனைக்கும். அதனால தளத்துக்கு 1:100 வாட்டம் (தண்ணி வடியற லேசான சரிவு) கட்டாயம், சமதளம்னு சொன்னேனே, அது வாட்டத்தோட சமதளம். 16 மீட்டருக்கு ஒரே வாட்டம் கொடுத்தால் ஒரு முனை 160 மி.மீ. தாழும். பிற்பாடு கடை போட மேல் கான்கிரீட் ஊத்தி நிரப்பினால் சராசரி 80 மி.மீ., சதுர மீட்டருக்கு 190 கிலோ. விட்டு வச்ச எடையை நிரப்புக் கான்கிரீட்டே தின்னுடும். 8 மீட்டருக்கு ஒரு வடிகால் வைங்க. நிரப்பு சராசரி 40 மி.மீ., 100 கிலோவுக்குள்ள. 400ம் 100ம் சேர்ந்துதான் அந்த 500. உள்தடுப்புச் சுவரைப் பலகையில் போட்டுக்கணும், செங்கல் வேண்டாம். அதுக்கும் குறைஞ்சது 100 கிலோ தனியா சேர்க்கணும், மறக்காம எழுதுங்க.

தூண் இடைவெளி. இது கொஞ்சம் சுவாரஸ்யம். தானே நிறுத்தற காருக்குக் கதவு திறக்க இடம் வேண்டாம். 2.5 மீட்டர் அகலம் 2.1க்கு இறங்கும்னு சொல்வாங்க. வழக்கமா ரெண்டு தூணுக்கு நடுவே 7.5 மீட்டர் தெளிவா விட்டு 3 கார் நிறுத்துவோம். அதில் 2.1 போட்டாலும் 3 கார்தான், 4 வேணும்னா 8.4 மீட்டர். காரு புத்திசாலி ஆனாலும் தூண் நகராது. 8.4 விட்டால் இன்னைக்கு 2.8 மீட்டரில் 3 கார் தாராளம், நாளைக்கு 4. இன்னைய நஷ்டம் பத்தில் ஒரு கார், கூட, தூண் தடிமனும் சேர்ந்து 9 மீட்டர் பீம். செய்யலாமான்னா, என் கணிப்பில் ஒரு தளத்துக்கு மட்டும் தனியா செய்ய முடியாது, தூண் மேலேருந்து கீழே வரைக்கும் ஒண்ணுதான். நான் செய்வேன். ரெண்டு இன்னோவா பக்கத்துல பக்கத்துல நின்னா 2.5ல் ஆள் இறங்கறதே சிரமம்.

கிரிவழி

எல்லாம் சரி, எதுக்கு இவ்வளவு கான்கிரீட்? மெக்கானிக்கல் பார்க்கிங் (காரைத் தட்டில் ஏத்தி மோட்டாரால் அடுக்கறது) போடுங்க, இரும்புச் சட்டம், இடம் பாதி, வேண்டாம்னா கழட்டி வித்துரலாம். டொராண்டோ பல்கலைக்கழகம் 2018ல் சொன்னதே, தானோட்டிக் காருக்கு இடம் சராசரி 62 சதவீதம் குறையும், அதிகபட்சம் 87னு. அப்ப 20 சென்ட் போதும், மீதியில் பூங்கா வைங்க.

தூண்பீம்

கழட்டி வித்துரலாம் என்பது உண்மைதான் சார், அந்த ஒரு விஷயத்தில் இரும்பு ஜெயிக்கும். ஆனால் குழிக்குள்ள இறங்கற வகை இங்க வேண்டாம். ஆனி மாசத்துல குழியில் தண்ணி, பம்ப் ஒரு ராத்திரி நின்னா மோட்டாரும் லிமிட் சுவிட்சும் போச்சு. குழி இல்லாத வகைன்னா கீழ்வரிசைல ஒரு இடம் காலியா விட்டாத்தான் நகரும். ஒரு வண்டி எடுக்க ரெண்டு மூணு நிமிஷம். சினிமா விட்டதும் 30 பேர் ஒரே நேரத்தில் சாவி நீட்டினா கடைசி ஆளுக்கு ஒரு மணி நேரம். அது குடியிருப்புக்குப் பொருந்தும், கடைவீதிக்கு இல்ல.

நாற்சந்தி

அந்த 62 சதவீதம் எப்படி வருகிறது என்று பார்த்தால் போதும். கார்களை இடைவழி இல்லாமல் பல வரிசை அடுக்குகிறார்கள். உள்ளே உள்ள கார் கிளம்பும்போது முன்னால் உள்ளவை தாமே விலகி வழி விடும். அதாவது அங்கே நிற்கும் ஒவ்வொரு காரும் சொன்னபடி நகர வேண்டும். வரிசையில் ஒரே ஒரு பழைய மாருதி, அதன் சாவியோடு ஆள் துணிக்கடையில் இருந்தால் பின்னால் உள்ள நாலும் சிறை. பாதி கார் மாறினால் பாதி லாபம் என்று கணக்குப் போடக்கூடாது. தனித் தளம் ஒதுக்கும் வரை லாபம் சைபர். இருபது முப்பது வருடக் கலவைக் காலத்துக்கு 20 சென்ட் வாதம் நிற்காது.

தனித் தளம் ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி ஸ்டுட்கார்ட் விமான நிலையப் பார்க்கிங். பாஷும் மெர்சிடஸும் சேர்ந்து செய்த ஆளில்லா நிறுத்தத்துக்கு 2022 நவம்பரில் அனுமதி கிடைத்தது. அங்கே கண் காரில் மட்டும் இல்லை, கட்டடத்திலும் இருக்கிறது: உணரிகள் (சென்சார்) உத்தரத்தில், கார் அதன் பேச்சைக் கேட்டு நகர்கிறது. ஆகவே நீங்கள் இன்று வாங்க வேண்டியது உணரி அல்ல, அதற்கான வழி மட்டும். உத்தரத்தில் தூண் வரிசையோடு ஒரு கேபிள் தட்டு, தளத்துக்குத் தளம் இரண்டு 50 மி.மீ. காலிக் குழாய், உள்ளே இழுகயிறோடு. இன்றைக்குச் சில்லறைச் செலவு, பின்னால் கான்கிரீட்டைத் துளைப்பதென்றால் கம்பி வெட்டுப்படும்.

மீட்டர்பெட்டி

கரண்ட் பக்கம் யாரும் தொடலை. 2019ல் மத்திய அரசு மாதிரிக் கட்டட விதியில் கொண்டு வந்த திருத்தம், நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி வேணும்னு சொல்லுது. 180 கார்னு வச்சா 36. எல்லாத்துக்கும் 7.4 கிலோவாட் கொடுத்தால் 266 கிலோவாட், 315 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் கேட்கும். 3.3 கிலோவாட்டில் 36 போட்டால் 119, 160 கே.வி.ஏ. போதும். கடைக்கு வந்துட்டுப் போறவங்களுக்கு ரெண்டு மணி நேரத்தில் 3.3 போதும், ஆறு யூனிட், 40 கிலோமீட்டர் ஓட்டம். பொள்ளாச்சி போய்ச் சேரலாம்.

வாடகைத் தானோட்டி வந்தால் கதை வேற. ராத்திரி மொத்தமா வந்து நின்னு வேகமா ஏத்திக்கிட்டு விடியறதுக்குள்ள கிளம்பணும், அதுக்கு டிசி சார்ஜர். இப்ப 160 போட்டுட்டு, பக்கத்தில் இன்னொரு டிரான்ஸ்பார்மருக்கு மேடையும் கேபிள் பாதையும் மட்டும் விடுங்க. கீழ்த்தளத்தில் விடும்போது வெள்ள மட்டத்துக்கு மேல தூக்கி விடுங்க.

எல்லைக்கல்

ரொம்ப நன்றிங்க. தூண்பீம் அண்ணா, ஒரு சந்தேகம். 32 மீட்டர் அகலக் கட்டடத்தை அலுவலகமா மாத்தினா நடுவில் இருட்டாத்தானே இருக்கும்? இன்னொண்ணு, ஸ்கூட்டரை எல்லாரும் மறந்துட்டீங்க. அதுக்குத் தானோட்டி வரப்போறதில்லையே?

தூண்பீம்

இருட்டுதான். வெளிச்சம் ஜன்னலிலிருந்து ஆறேழு மீட்டருக்குத்தான் வரும், ரெண்டு பக்கமும் சேர்த்து 14. நடுவில் 18 மீட்டர் பகல்லயும் லைட். அதனால இதை அலுவலகத்துக்கு யோசிக்காம, காய்கறிச் சில்லறைக் கடை, உழவர் பொருள் சந்தைன்னு யோசிக்கறது நல்லது. இல்லாட்டி நடுவில் 6 × 12 மீட்டர் தளத்தை மட்டும் தனிப் பீம் போட்டு, பிற்பாடு அறுத்து எடுக்கற மாதிரி வடிவமைக்கச் சொல்லுங்க. அறுத்தா முற்றம், வெளிச்சமும் காத்தும் கிடைக்கும்.

அமெரிக்காவில் சின்சினாட்டியில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் பார்க்கிங் தளங்களைப் பிற்பாடு அலுவலகமாக்கற மாதிரியே கட்டியிருக்காங்க. நமக்கு வேண்டியதும் மேலே சொன்ன நாலு விஷயம்தான்: சமதளம், உயரம், எடை, ராம்ப். கூட ரெண்டு படிக்கட்டு, கழிவுநீர்க் குழாய்க்கு முன்கூட்டியே ஓட்டை. பார்க்கிங்கில் ஆள் குறைவு, படி ஒண்ணு போதும்னு விட்டா நாளைக்குத் தீயணைப்பில் அனுமதி கிடைக்காது.

நாற்சந்தி

ஸ்கூட்டர் கேள்விக்கு நன்றி, அது என் தவறுதான். நடைவழியோடு ஒரு ஸ்கூட்டருக்கு 3 சதுர மீட்டர். ஒரு கார் இடத்தில் ஒன்பது. கீழ்த்தளத்தில் ஏற்றுமிடமும் ராம்ப்பும் போக மீதியில் 300 ஸ்கூட்டர் தாராளமாக நிற்கும். ஆக கீழ்த்தளத்தில் கார் நிறுத்தமே வேண்டாம். ஸ்கூட்டர்க்காரர் ராம்ப் ஏறி மாடிக்குப் போக மாட்டார், கடை வாசலில்தான் போடுவார், நடைபாதை போய்விடும். கார் மேலே மூன்று தளத்தில் 135 என்று வையுங்கள்.

135 போதாது என்று சபையில் சத்தம் வரும். கட்டணத்தை வைத்துச் சமாளியுங்கள். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் சொன்ன அளவுகோல் எளிது: எந்நேரமும் 85 சதவீதம் நிரம்பியிருக்கும்படி விலை வை. ஏழு இடத்தில் ஒன்று காலி இருந்தால் தேடிச் சுற்றும் வண்டி குறையும். கடைவீதி ஓரம் இலவசம், மாடி 20 ரூபாய் என்றால் மாடி காலியாகத்தான் கிடக்கும். ஓரத்துக்கு விலை கூட, மாடிக்குக் குறைவு. தேர்த்திருவிழா, சபரிமலை சீசன் கூட்டத்துக்காக அளவு போடாதீர்கள், அதற்குத் தற்காலிக மைதானம் போதும்.

தானோட்டி வரும் காலத்துக்கும் இதே விதிதான், ஒரு கட்டணம் மட்டும் கூடும்: காலியாகச் சுற்றும் வண்டிக்குச் சாலைக் கட்டணம், நிறுத்தும் கட்டணத்தைவிட அதிகமாக. அதை வசூலிக்க நகரசபைக்கு அதிகாரம் வேண்டும், சட்டம் மாநிலத்திலிருந்து வர வேண்டும். ஊருக்கு வெளியே வண்டிக் கொட்டகைக்கு இடம் ஒதுக்கினால் வீடுகளிலிருந்து தள்ளி வையுங்கள். 2024 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஆளில்லா டாக்ஸிகள் நிறுத்துமிடத்தில் பின்னுக்கு வரும்போது ஒன்றையொன்று பார்த்து நள்ளிரவில் ஹாரன் அடித்து அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுத்தன. மென்பொருளைத் திருத்தித்தான் நிறுத்தினார்கள்.

எல்லைக்கல்

அப்ப மனுவில் "200 கார்" என்கிறதை அடிச்சுட்டு "மேலே 135 கார், கீழே 300 ஸ்கூட்டர், 11 ஏற்றுமிடம், தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ, உயரம் 3.9 மீட்டர்"ன்னு எழுதறேனுங்க. டெண்டரில் வேற ஏதாச்சும் சேர்க்கணுமா?

தூண்பீம்

தடுப்புச் சுவருக்கான 100 கிலோ தனின்னு சொன்னேனே, அதைச் சேர்த்து 600ன்னு எழுதுங்க. இன்னொண்ணு, ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டுப் பக்கத்தில் இரும்புத் தகட்டில் அந்தத் தாங்கு எடையையும், அறுக்கக்கூடிய பகுதி எந்தத் தூணுக்கு எந்தத் தூண் வரைக்கும்னும் பொறிச்சு ஆணி அடிக்கச் சொல்லி ஒரு வரி போடுங்க. இருபது வருஷம் கழிச்சு வர ஓவர்சியர் கையில் வரைபடம் இருக்காது.